பூனையை அடிக்க வேண்டாம், பிறாண்ட ஒரு கட்டை நட்டு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரோடு வந்த இணைப்பில், வாசகர்கள் எழுதும் வீட்டுக் குறிப்புப் பகுதியில், பூனை சோபாவைப் பிறாண்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்று ஒருவர் மூன்று யோசனை சொல்லியிருந்தார். மிளகாய்த் தூளைத் தண்ணீரில் கரைத்து சோபா ஓரத்தில் தெளிக்க வேண்டும், இடுக்குகளில் அந்துருண்டை போட்டு வைக்க வேண்டும், அதற்கும் அடங்காவிட்டால் நீலகிரித் தைலத்தைத் துணியில் தொட்டு சோபா முழுக்கத் துடைத்துவிட வேண்டும் என்பது அவர் குறிப்பு. நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனால் மூன்றுமே பூனைக்குக் கெடுதல், அதிலும் கடைசி இரண்டும் உயிருக்கே உலை வைக்கக்கூடியவை. நான் வேலூரில் குஷன் வேலை செய்கிறவன். பூனை கிழித்த சோபாவுக்குத் துணி மாற்றித் தருவது என் பிழைப்பில் ஒரு பகுதி. பூனை வளர்க்கிறவனும்கூட. அதனால் இதைப் படித்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் அந்த மூன்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். பூனை தூங்கும் நேரம் போக மீதியில் நிறைய நேரத்தைத் தன்னை நக்கிச் சுத்தம் செய்வதிலேயே கழிக்கும். காலில் ஒட்டியது எதுவானாலும் கொஞ்ச நேரத்தில் வாய்க்குள் போய்விடும். அந்துருண்டையில் இருக்கிற நாப்தலீன் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், கல்லீரலைக் கெடுக்கும். அதுவும் வெள்ளையாக உருண்டையாக இருப்பதால் பூனை அதை உருட்டி விளையாடும், வீட்டில் தவழ்கிற குழந்தை இருந்தால் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். நீலகிரித் தைலம் அதைவிட ஏமாற்றக்கூடியது, நாம் மூக்கில் தடவிக்கொள்வதுதானே என்று நினைத்துவிடுகிறோம். மனிதருக்கும் நாய்க்கும் கல்லீரலில் நன்றாக வேலை செய்கிற ஒரு நொதி பூனைக்கு மிகவும் குறைவு. அதனால் பல தைலங்களையும் பீனால் கலந்த பொருட்களையும் அதன் உடம்பால் முறித்து வெளியே தள்ள முடியாது. எச்சில் ஒழுகும், வாந்தி எடுக்கும், கால் தள்ளாடும், அதிகமானால் வலிப்பு வரும். கற்பூரத் தைலமும் அப்படித்தான். தரை துடைக்கிற பினாயிலும் அப்படித்தான், பினாயில் போட்டால் தரை நன்றாகக் காயும் வரை பூனையை அந்த அறைக்குள் விடாதீர்கள். பூனைக்குக் காய்ச்சல் என்று பாரசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடப் போதும், தயவுசெய்து அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள்.

மிளகாய்த் தூள் உயிரை எடுக்காது. ஆனால் அந்தக் காலால் முகம் துடைக்கும்போது கண்ணில் படும், எரிச்சலில் பூனை வீடு முழுக்கத் துடித்து ஓடும். சோபாத் துணியிலும் சிவப்புக் கறை பிடித்து நிற்கும், அது போகாது. இதெல்லாம் செய்தும் பூனை பிறாண்டுவதை நிறுத்துமா என்றால் நிறுத்தாது. இந்த முனையை விட்டுவிட்டு அந்த முனைக்குப் போகும், அவ்வளவுதான்.

ஏன் நிறுத்தாது என்பது தெரிந்தால் பாதிக் கோபம் போய்விடும். பழைய சோபாவைப் பிரித்துத் துணியை உரிக்கும்போது, ஃபோமில் குத்திக்கொண்டு சின்னச் சின்ன ஓடுகள் இருக்கும். பிறை வடிவத்தில், உள்ளே பொள்ளலாக, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக இருக்கும். அதைக் கையில் எடுத்துக் காட்டினால், ஐயோ நகம் ஒடிஞ்சி போச்சா என்று வீட்டில் பதறுவார்கள். ஒடியவில்லை. பூனை நகம் அடுக்கடுக்காக வளர்கிறது. வெளி அடுக்கு பழசாகிவிட்டால் அது கழன்று விழ வேண்டும், உள்ளே இருக்கிற கூரான புது நகம் வெளியே வர வேண்டும். சொரசொரப்பான எதிலாவது மாட்டி இழுத்தால்தான் முன்கால் நகத்தில் அது சுலபமாகக் கழலும். பின்கால் நகத்தைப் பூனை பல்லால் கடித்தே உரித்துக்கொள்ளும், அதனால் நாம் பார்க்கிற கிழிசல் எல்லாம் முன்கால் வேலை.

அது ஒரு காரணம்தான். தூங்கி எழுந்ததும் பூனை என்ன செய்கிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். இரண்டு முன்காலையும் எட்டிய மட்டும் உயரத் தூக்கி நகத்தை அழுந்த ஊன்றி, தோளிலிருந்து வால் வரைக்கும் உடம்பை இழுத்து முறுக்கு எடுக்கும். அந்த இழுப்புக்கு அசையாத ஒரு பிடிமானம் வேண்டும். நம் வீடுகளில் அப்படி ஆடாமல் கனமாக நிற்பது சோபாதான். இன்னொரு காரணம் வாசனை. விரல் இடுக்கிலும் பாதத்திலும் உள்ள சுரப்பிகளிலிருந்து ஒரு வாசனை அந்த இடத்தில் ஒட்டுகிறது, நமக்குத் தெரியாது, பூனைக்குத் தெரியும். இது என் வீடு, நான் இங்கே இருக்கிறேன் என்று அது எழுதி வைக்கிற கையெழுத்து அது. அதனால்தான் ஒரே இடத்தையே திரும்பத் திரும்பப் பிறாண்டுகிறது, வாசனை மங்கியதும் புதுப்பிக்கிறது. என்னிடம் வருகிற சோபாக்களில் சுவரைப் பார்த்த முதுகுப் பக்கம் பெரும்பாலும் கடையில் வாங்கிய மாதிரியே இருக்கும். கிழிந்திருப்பது கைப்பிடியின் முன்முனை, அதிலும் வாசலைப் பார்த்த முனை, வீட்டில் எல்லாரும் நடமாடுகிற வழியில் இருக்கிற முனை. அது தற்செயல் இல்லை. ஆகவே நம்மைப் பழிவாங்க வீம்புக்குச் செய்கிறது, திட்டினதால் கிழிக்கிறது என்று சொல்வதெல்லாம் அதன்மேல் நாம் போடுகிற வீண்பழி.

நான் பிறந்தது குடியாத்தம் பக்கம், நெசவு வீடு. அங்கே தறி வீட்டில் பூனை இல்லாமல் முடியாது, தறியில் நீளவாட்டில் ஏற்றுகிற பாவு நூலுக்குப் போட்ட கஞ்சிக்கு எலி வரும், ஒரு ராத்திரி எலி புகுந்தால் ஒரு வாரப் பாவு போய்விடும். தெரு முழுக்கப் பூனைகள். ஆனாலும் பூனை சாமானைக் கிழிக்கிறது என்று யாரும் புலம்பிக் கேட்டதில்லை. புழக்கடையில் முருங்கை மரம், தென்னை, அடுக்கி வைத்த விறகு, திண்ணைத் தூண், கயிற்றுக் கட்டிலின் கால், மூலையில் கோணி மூட்டை என்று நகம் பதிய ஆயிரம் இடம் இருந்தது. இப்போது சத்துவாச்சாரியிலோ காந்தி நகரிலோ ஒரு மாடி வீட்டைப் பாருங்கள். தரையெல்லாம் வழுவழு டைல்ஸ், சுவரெல்லாம் பட்டி பார்த்துப் பெயின்ட், இரும்பு பீரோ, பிளாஸ்டிக் நாற்காலி, கதவுக்கு மேலே ஒட்டின மைக்கா. அந்த வீட்டில் நகம் பிடிக்கிற ஒரே பொருள் சோபா. பூனை அன்றைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கிறது, நாம் வீட்டை மாற்றிவிட்டோம்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. "இன்னாண்ணா, இந்த வாட்டி தச்சிக் குடு, அடுத்த வாட்டி கிழிச்சிதுன்னா எங்கனா கொண்டுபோயி வுட்டுடப் போறோம்" என்று என்னிடம் சொல்கிற வாடிக்கையாளர்கள் அதிகமாகிவிட்டார்கள். சிலர் சொல்வதோடு நிற்பதில்லை. சாக்கில் கட்டி பாலாற்றுப் பக்கமோ மீன் மார்க்கெட் பக்கமோ விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். மீன் மார்க்கெட்டில் விட்டால் சோறு கிடைக்கும் என்று ஒரு சமாதானம் வேறு. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனைக்கு நாய்க் கூட்டத்தில் ஒரு ராத்திரி தாங்குவதே பெரிய விஷயம். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில், பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் காரணமில்லாமல் கைவிடுவது குற்றம் என்றே இருக்கிறது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, பிறந்தது முதல் நம் மடியில் தூங்கினதை ஒரு சோபாத் துணிக்காக எப்படி விட மனசு வருகிறது என்று உண்மையிலேயே எனக்குப் புரியவில்லை.

வேறு சிலர், நகத்தையே எடுத்துவிட ஆபரேஷன் இருக்கிறதாமே, யூடியூபில் பார்த்தோம் என்கிறார்கள். அது நகத்தை மட்டும் எடுப்பது கிடையாது. பூனையின் நகம் விரலின் கடைசி எலும்போடு ஒட்டி வளர்கிறது, நகம் திரும்ப வராமல் இருக்க அந்த எலும்பையே வெட்டி எடுக்க வேண்டும். நம் கையில் ஒவ்வொரு விரலையும் கடைசிக் கணுவோடு நறுக்குவதற்குச் சமம். அப்படிச் செய்த பூனைக்கு நடக்கும்போது வலி இருக்கும், தற்காத்துக்கொள்ள நகம் இல்லாததால் சிலது கடிக்கத் தொடங்கும், மணல் தட்டில் கால் வைத்தால் வலிக்கிறது என்று வெளியே அசிங்கம் செய்யும். இங்கிலாந்திலும் ஐரோப்பாவில் பல நாடுகளிலும் இதற்குத் தடை இருக்கிறது, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2019-இல் தடை செய்தது. நம் ஊரில் அந்தப் பழக்கம் தலைகாட்டவே வேண்டாம்.

சரி, அப்புறம் என்னதான் செய்வது. பிறாண்டுவதைத் தடுக்க முடியாது, பிறாண்டும் இடத்தை மாற்ற முடியும். பூனைக்கென்று சோபாவைவிட நல்ல ஒரு கட்டை வேண்டும். ஆன்லைனில் விற்கிறது, ஆனால் நான் பார்த்தவற்றில் பாதி ஒன்றரை அடி உயரம்தான், அடிப்பலகை தட்டு மாதிரி லேசு. குட்டியாக இருக்கும் வரை சரி. வளர்ந்த பூனை ஒரு தடவை முழு உடம்பையும் சாய்த்து இழுக்கும்போது அது ஆடினாலோ சாய்ந்தாலோ பூனை பயந்து அதன் பக்கமே திரும்பாது. பணம் கொடுத்து வாங்கியும் எங்கள் பூனை தொடுவதே இல்லை என்று சொல்கிறவர்கள் வீட்டில் போய்ப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வீட்டிலேயே செய்வது சுலபம். கட்டட வேலைக்கு முட்டுக் கொடுக்கிற சவுக்குக் கட்டையில் நேரான துண்டாக ஒன்று, மூன்று அடிக்குக் குறையாமல், கை விரித்துப் பிடிக்கிற பருமனில் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையை அப்படியே விட்டாலும் சில பூனைகளுக்குப் பிடிக்கும். அடியில் முக்கால் இஞ்ச் பிளைவுட் இரண்டு அடிக்கு இரண்டு அடி, கீழேயிருந்து நாலு ஸ்க்ரூ, நீளமான ஸ்க்ரூவாக. அதோடு நிறுத்தாமல் பலகையின்மேல் ஒரு துண்டு கடப்பா கல்லை வைத்து ஒட்டிவிடுங்கள், சமையல் மேடை போட்டு மிஞ்சின துண்டு எந்தக் கல் கடையிலும் கிடைக்கும். நீங்கள் ஒரு கையால் தள்ளினால் ஆடக் கூடாது, அதுதான் அளவு. பிறகு கயிறு. வெளிநாட்டுக் கட்டைகளில் சுற்றுகிற சிசல் கயிறு என்பது கற்றாழை இனத்து நார், கிடைத்தால் அது ரொம்ப நல்லது. கிடைக்காவிட்டால் சுண்டுவிரல் கனத்தில் சணல் கயிறு அல்லது தேங்காய் நார்க் கயிறு போதும். லாங் பஜாரில் கயிறு விற்கிற கடைகளில் வாங்கலாம், செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லி அனுப்பினால் மாட்டுக் கயிறு நல்ல முறுக்காக வாங்கி வருவார்கள். நைலான் கயிறு வேண்டாம், வழுக்கும், பிரிந்த இழையைப் பூனை விழுங்கிவிட்டால் குடலில் சிக்கிக்கொள்ளும். கீழிருந்து மேலாக இடைவெளி இல்லாமல் நெருக்கிச் சுற்ற வேண்டும், ஒவ்வொரு ஐந்தாறு சுற்றுக்கும் ஃபெவிகால் தடவி இழுத்துப் பிடியுங்கள். ஆணி அடிப்பது தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும், தலை உள்ளே அமுங்கும்படி அடித்து அதன்மேல் ஒரு சுற்று கயிறு வரட்டும். நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்து வைத்தால் பூனையின் கால் கிழிந்துவிடும். எல்லாம் சேர்த்து ஆகிற செலவு, ஒரு சோபாக் கைப்பிடிக்குத் துணி மாற்றுகிற கூலிகூட வராது.

எங்கள் வீட்டில் அதற்கெல்லாம் இடமில்லை என்பவர்கள், தடித்த தேங்காய் நார் மிதியடி ஒன்றை ஜன்னல் கம்பியிலோ மேசைக் காலிலோ இறுக்கிக் கட்டிவிடலாம். எல்லாப் பூனையும் நின்றுகொண்டு பிறாண்டுவதில்லை. தரை விரிப்பையும் கோரைப்பாயையும் கிழிக்கிற பூனை என்றால் அதற்குப் படுக்கைவாட்டில்தான் வேண்டும், அதற்கு நார் மிதியடியைத் தரையிலேயே நகராமல் பதித்து வையுங்கள். அட்டைப் பெட்டியைப் பட்டை பட்டையாக வெட்டி, ஓட்டை தெரிகிற வெட்டுப் பக்கம் மேலே வரும்படி நெருக்கி ஒட்டினாலும் அருமையாக வேலை செய்யும். உங்கள் பூனை எதைக் கிழிக்கிறது, நின்றா படுத்தா, மேலிருந்து கீழா குறுக்காகவா என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற மாதிரி செய்தால் போதும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சோபாவில் மீந்த துணியையே கட்டைக்குச் சுற்றித் தரச் சொல்லி என்னிடம் கேட்கிறார்கள், பார்க்க மேட்சாக இருக்கும் என்று. இரண்டும் ஒரே துணியாக இருந்தால் எது தன்னுடையது, எது உங்களுடையது என்று பூனைக்கு எப்படித் தெரியும்? கட்டையின் மேல்தோல் சோபாவிலிருந்து முழுக்க வேறாக இருக்க வேண்டும்.

கட்டை செய்வதைவிட அதை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். ஹாலில் அசிங்கமாக இருக்கிறது என்று பால்கனியிலோ கொல்லைப்புறத்திலோ கொண்டுபோய் வைத்தால் வீண். வாசனை போடுகிற கையெழுத்து என்று சொன்னேனே, யாரும் வராத இடத்தில் அது கையெழுத்துப் போடாது. கிழிந்த கைப்பிடிக்கு முன்னாலேயே, ஒட்டினாற்போல வையுங்கள். பூனை தூங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தால் நல்லது, எழுந்ததும் முறுக்கு எடுக்கத்தான் முதலில் தேடும். பழகின பிறகு தினம் ஒரு சாண் ஒரு சாணாக நகர்த்தி உங்களுக்குத் தோதான மூலைக்குக் கொண்டுபோகலாம், அவசரப்பட்டு ஒரே நாளில் தூக்கி வைத்தால் திரும்ப சோபாவுக்கே வரும். இரண்டு மூன்று பூனை இருக்கிற வீட்டில் ஒரே கட்டை பத்தாது. கட்டை நார் நாராகப் பிய்ந்து பார்க்கச் சகிக்காமல் ஆனாலும் தூக்கி எறியாதீர்கள், பூனைக்கு அப்போதுதான் அது சொந்தமாகிறது. கயிறு முழுக்க அறுந்தால் மட்டும் புதுசு சுற்றுங்கள்.

பூனையின் காலைப் பிடித்துக் கட்டையில் தேய்த்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பயந்து கட்டையையே வெறுத்துவிடும். ஒரு நூலில் இறகோ துணித் துண்டோ கட்டி கட்டையின்மேல் இழுத்து விளையாடுங்கள், பிடிக்கப் பாயும்போது நகம் தானாகக் கயிற்றில் பதியும். அந்த நேரத்தில் ஒரு நெத்திலியோ, உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துணுக்கோ கொடுத்து நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள். இன்னொரு வழி நம் ஊர்க் குப்பைமேனி. பூனைவணங்கி என்றும் சொல்வார்கள். காலி மனையிலெல்லாம் முளைத்துக் கிடக்கும், அதன் வேரின் வாசனைக்குப் பல பூனைகள் மயங்கிப் புரளும். ஒரு செடியை வேரோடு பிடுங்கி மண்ணைக் கழுவி, வேரை நசுக்கிக் கட்டையின் கயிற்றில் தேய்த்துவிட்டு வேரை எடுத்துப் போட்டுவிடுங்கள். தின்னக் கொடுக்காதீர்கள், வாசனை போதும்.

சோபாவில் பிறாண்டும்போது பார்த்துவிட்டால் கத்துவது, செருப்பை வீசுவது, தண்ணீர் பீய்ச்சுவது எதுவும் பயன் தராது. பூனை புரிந்துகொள்வது, நீங்கள் இருக்கும்போது பிறாண்டினால் அடி விழும் என்பதைத்தான், அதனால் நீங்கள் இல்லாதபோது பிறாண்டும். உங்களைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் ஒளியவும் தொடங்கும். மெதுவாகக் கவனத்தைத் திருப்பி அந்த நூலை ஆட்டிக் கட்டைப் பக்கம் கூப்பிடுங்கள். போனால் நெத்திலி. இதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும், அந்தப் பொறுமைக்கு மாற்று எதுவும் கிடையாது.

அந்த வாரங்களில் சோபாவைக் காப்பாற்ற என் தொழில் சார்ந்து சிலது சொல்கிறேன். கிழிந்த முனையை முதலில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்து நன்றாகக் காய விடுங்கள், பழைய வாசனை குறையும். பிறகு கடையில் மேசைக்குப் போட விற்கிற கனத்த பிளாஸ்டிக் ஷீட்டை அந்த முனைக்கு மட்டும் வெட்டிச் சுற்றிக் கட்டுங்கள், நகம் பிடிக்காது, இழுக்கச் சுகமாக இருக்காது. டபுள் சைடு டேப் ஒட்டச் சொல்கிறார்கள், அதில் கால் ஒட்டுவது பூனைக்கு அறவே பிடிக்காது, உண்மைதான். ஆனால் நம் வேலூர் வெயிலில், அதுவும் கத்திரியில், அந்தப் பசை இளகி ரெக்சின்மேல் இறங்கிவிடும், உரிக்கும்போது கலரோடு வரும். அதனால் டேப்பை நேராக சோபாவில் ஒட்டாமல் அந்த பிளாஸ்டிக் ஷீட்டின்மேல் ஒட்டுங்கள். தேக்குக் காலில் கீறல் விழுந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பாலிஷ் கொடுத்தால் தெரியாது. ரெக்சினிலும் தோலிலும் விழுந்த நகக்குத்து மறையாது, அந்தப் பகுதியையே மாற்ற வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோல் நம் பக்கத்திலேயே கிடைப்பதால் வசதியுள்ளவர்கள் தோல் சோபாவே போட்டுக்கொள்கிறார்கள், பூனை இருக்கிற வீட்டில் கட்டையைப் பழக்கிவிட்டுப் பிறகு அதைப் போடுங்கள்.

புதுத் துணி எடுக்கும்போது பூனை இருக்கிறது என்று சொல்லிவிட்டு எடுங்கள். முறுக்கு நூல் தடிப்பாகத் தெரிகிற சணல் ரகத் துணி, கட்டம் கட்டமாகத் தளர நெய்தது, நூல் மேலே சுருள் சுருளாக எழும்பி நிற்பது, இவையெல்லாம் பூனையை வா வா என்று கூப்பிடும். நகம் மாட்டினால் ஒரு நூல் முழு நீளத்துக்கும் உருவிக்கொண்டு வரும். குட்டை மயிரில் நெருக்கமாக இருக்கிற வெல்வெட், மைக்ரோஃபைபர், ஸ்வேட் மாதிரியான துணியில் நகம் மாட்ட நூல் கண் கிடையாது, பூனை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுப் போய்விடும். எங்கள் வேலூர் சைதாப்பேட்டையில் ஒரு பாய் வீட்டில் நாலு பூனை. கைப்பிடிக்கு அந்த மாதிரித் துணி போட்டு, வாசல் பக்கம் ஒரு கயிற்றுக் கட்டை நட்டுக் கொடுத்தேன். அவர் வீட்டு அம்மா இப்போது சோபாவைப் பற்றிப் பேசுவதே இல்லை, பூனைகளைப் பற்றித்தான் பேசுகிறார்.

நகம் வெட்டுவதும் உதவும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, முன்காலில் மட்டும் போதும். சாப்பிட்டுவிட்டு அரைத் தூக்கத்தில் இருக்கும்போது விரலை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும், நுனியில் வளைந்த வெள்ளைப் பகுதியை மட்டும் வெட்ட வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தமும் நரம்பும், அதைத் தொடக் கூடாது. பயமாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் ஒரு தடவை நேரில் செய்து காட்டச் சொல்லுங்கள். அப்படியே வெறிநோய்த் தடுப்பூசியையும் போட்டு விடுங்கள். பூனை பிறாண்டி யாருக்காவது தோல் கிழிந்தால் ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பூனைதானே என்று விடக் கூடாது.

திடீரென்று கதவோரத்தையும் ஜன்னலோரத்தையும் பிறாண்டத் தொடங்கினால் வெளியே வேறு பூனை சுற்றுகிறதா என்று பாருங்கள். வீடு மாறினாலோ புதுப் பூனை வந்தாலோ கொஞ்ச நாள் அதிகமாகத்தான் இருக்கும். கருத்தடை செய்துவிட்டால் இடம் பிடிக்கிற வேகம் பொதுவாகத் தணியும். சாயங்காலம் ஒரு பத்து நிமிஷம் ஓட விட்டு விளையாடினாலே ராத்திரி வேலை பாதி குறைந்துவிடும்.

ஆசிரியர் ஐயா, கடிதம் முழுக்கப் போட இடமில்லை என்றால், அந்துருண்டையும் தைலமும் பூனைக்கு விஷம் என்கிற பகுதியை மட்டுமாவது அதே வீட்டுக் குறிப்புப் பகுதியில், அதே இடத்தில் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அதைப் படித்தவர்கள் ஆசிரியர் கடிதம் பக்கத்தைப் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. யாராவது ஏற்கெனவே தெளித்திருந்தால் இன்றைக்கே சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடச் சொல்லுங்கள். பூனை எச்சில் ஒழுக்கிக்கொண்டோ தள்ளாடிக்கொண்டோ இருந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், என்ன தெளித்தோம் என்பதை மறைக்காமல் அங்கே சொல்ல வேண்டும்.

என்னைப் போல குஷன் வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் கடையில் சணல் கயிறு, கோணி, பிளைவுட் வெட்டுத் துண்டு எல்லாம் கழிவாக எப்போதும் கிடக்கும். பூனை கிழித்த சோபா வேலைக்கு வந்தால், அந்தக் கழிவிலேயே ஒரு கட்டை செய்து சோபாவோடு சேர்த்துக் கொடுத்து அனுப்புங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. எப்படிச் சுற்றுவது என்று தெரியவில்லை என்றால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் கடைக்கு வந்தால் செய்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு குஷன் தொழிலாளி,
சத்துவாச்சாரி, வேலூர்.